ஆள்குறைப்பும் நாய்க்குரைப்பும்

இந்த வீட்டுக்குள் இனி நாலு கால் உள்ள எதுவும் நுழையக் கூடாது. நாற்காலி இருக்கலாம். கட்டில் இருக்கலாம். அவை குரைப்பதில்லை.

1931-ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில், கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று இந்தச் சபதத்தை எடுத்தேன். அங்கே எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போய் என் மனைவி நவமணியிடம் சொன்னேன்.

என் கோபத்தில் நியாயம் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

நான் ராமதாஸ். பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, திரும்பிய பக்கமெல்லாம் ஆள்குறைப்பு. தோட்டத்துத் துரைமாருக்கும் வேலை போயிற்று. கூட்டம் கூட்டமாகச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். டிக்கெட் எழுதுகிறவன் நான். பெட்டி எத்தனை, பீரோ எத்தனை, பியானோ உண்டா, எல்லாம் கேட்டு எழுதுவேன். நாயைப் பற்றி எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது. கட்டம் தேவைப்படவும் இல்லை. பியானோவை ஏற்றினார்கள், நாயை விட்டுவிட்டார்கள். கிளப்பு வேலியில் கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. துறைமுகத்துத் தூணில் கட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் படகில் இறங்கினவர்கள் உண்டு. ஐந்து வருஷம் மடியில் வைத்துக் கொஞ்சின மகாராசர்கள்.

அந்த நாய்களையெல்லாம் பிடித்து, ஜெலுத்தோங் போகிற வழியில் உள்ள நாய்ப்பட்டியில் அடைத்தார்கள். ஒரு வாரம் பார்ப்பார்கள். கேட்டு ஆள் வரவில்லையென்றால் சனிக்கிழமை காலை துப்பாக்கி.

இதை ஒரு நாள் சாப்பிடும்போது நவமணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சுட்டுடுவாங்களா?"

"பின்னே, பென்ஷன் குடுப்பாங்களா?"

அன்று எனக்கு ரசம் கிடைக்கவில்லை. மறுநாள் ஒரு நாய் கிடைத்தது.

"வீடு கிடைக்கிற வரைக்கும்தாங்க," என்றாள்.

அதற்கு ஒரு சீன நகைக்கடைக்காரர் வீடு கிடைத்தது. உடனே இரண்டாவது வந்தது. அதைச் சூலியா தெருவில் மசாலாச் சாமான் வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டு சீனி முகம்மது தம் கிடங்குக்குக் காவலாக வாங்கிக்கொண்டார். மூன்றாவது வந்தது. முகம் எது, வால் எது என்று தெரியாத சடை நாய். என் சாய்வு நாற்காலியில் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்று தெரியாமல் அதன் முகத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எது முகம் என்று தெரிந்தது.

ஆபீஸில் ஆள்குறைப்பு, வீட்டில் நாய்க்குரைப்பு. எழுத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அங்கே துரைமார் அழுதார்கள், இங்கே நான்.

அந்தச் சடை நாய்க்கு வீடு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் என் சிநேகிதர் கார்த்திகேசு எடுத்துக்கொள்வதாகக் கடிதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடையில் வைத்துக்கொண்டு படகேறி அக்கரையில் உள்ள பிறை என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். கோட்டு முழுக்க மயிர். ரயிலில் எதிரே இருந்த ஓர் அம்மாள், "கம்பளிக் கோட்டா ஐயா, இந்த வெயிலிலா?" என்று கேட்டாள்.

அதற்கு மறுநாள்தான் நான் சபதம் எடுத்த திங்கட்கிழமை. சொன்னேன் அல்லவா, அடுப்படிக்குப் போனேன் என்று.

"நவமணி, இனிமே நாய் கிடையாது."

"சரிங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு வருஷக் குடித்தனத்தில் முதல் வாக்கியத்துக்கே சம்மதம் வந்தது அன்றுதான்.

"எனக்கே இப்போ பயமா இருக்குங்க," என்றாள். "பட்டியிலே ஒண்ணு கிடக்கு. டியூக்குன்னு பேராம். கன்னுக்குட்டி உசரம். பட்டிக்காரர் பிச்சைமுத்து அண்ணன் சாரத்தைக் கிழிச்சிடுச்சு. கண்ணைப் பார்த்தாலே குலை நடுங்குது. அது மாத்திரம் இந்த வீட்டுக்கு வந்துதுன்னா நான் அன்னிக்கே தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நாய்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

நாய்க்குப் பிரபு பட்டம். எனக்குக் கிராணி பட்டம். இருக்கட்டும் என்று ஆபீஸுக்குப் போனேன்.

என் சபதத்துக்கு வயது மூன்று நாள். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மேஜைக் காலில் ஒரு கறுப்பு ஜந்து கட்டியிருக்கிறது.

"இது என்ன?"

"நாய் இல்லீங்க. குட்டி."

"நாலு கால் இருக்கு."

"ஒண்ணு நொண்டி. மூணரைதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் தாங்காது. சத்தம் போட்டேன். நவமணி குட்டியின் காதைப் பொத்தினாள், அதற்குக் கெட்ட வார்த்தை பழகிவிடுமாம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீனி முகம்மது, "கிராணியாரே, மெதுவா லா. என் கிடங்கு நாய் கூட இப்படிக் குரைக்கலை," என்றார்.

அன்று படுக்கையில்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. சொல்லால் திருந்தாதவளைச் செயலால் திருத்துவது. டியூக்கைக் கொண்டுவருவது. குலை நடுங்கட்டும். தம்பி வீட்டுக்குப் போகட்டும். இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வருகிறேன். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க நாய்ப் பேச்சு இல்லாத வீடு.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே பட்டிக்குப் போனேன். தகரக் கூரை, கம்பி வேலி, முப்பது நாய்களின் கத்தல். பிச்சைமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டியூக்கா வேணும்? கடிக்கிற நாய் ஐயா."

"கடிக்கிறதுக்காகத்தான் வேணும்."

"குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடணும். கடி நாயைப் பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஒரு அம்மா நாலு நாளா வந்து கெஞ்சுறாங்க. நான் என்ன பண்ணுவேன்? புருஷனைக் கூட்டிட்டு வாம்மான்னேன். அந்த மனுஷன் வர மாட்டாராம்."

"எந்த அப்பாவியின் பெண்டாட்டியோ," என்று சொல்லிக்கொண்டே, அவர் நீட்டின தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கடைசிக் கூண்டில் இருந்தது டியூக். உண்மையிலேயே கன்றுக்குட்டி உயரம். விலா எலும்பை எண்ணலாம். கம்பியில் பாய்ந்து பாய்ந்து உறுமிற்று. நான் ஓர் அடி பின்வாங்கினேன். வாயில் என்ன வந்ததோ தெரியவில்லை, ஆபீஸ் பழக்கத்தில், "சிட் டவுன், ப்ளீஸ்," என்றேன்.

உட்கார்ந்துவிட்டது.

உறுமல் நின்றது. காது இரண்டும் எழுந்தன. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, பின்னால் இருந்த கதவைப் பார்த்தது. அந்தப் பாஷை பேசுகிற வேறொருவர் எனக்குப் பின்னால் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"பதினைஞ்சு நாளா இப்படித்தான் ஐயா," என்றார் பிச்சைமுத்து. "தமிழ் தெரியாது, மலாய் தெரியாது. நாம பேசினா திட்டுறதா நினைச்சுப் பாயுது. கேள்வி கேட்டு யாராவது வருவாங்கன்னு ஒரு வாரம் அதிகமாவே வெச்சுப் பார்த்துட்டேன். நாளைக்கு முடிஞ்சுது."

கழுத்துப் பட்டையில் துரையின் பெயர் பொறித்திருந்தது. எனக்கு அந்தப் பெயர் தெரியும். நான்தான் டிக்கெட் எழுதினேன். முதல் வகுப்பு. பெட்டி ஒன்பது. பியானோ ஒன்று. அதோடு ஒரு கோல்ஃப் மட்டைப் பையும் எழுதினது ஞாபகம் வந்தது. எனக்கு நெஞ்சு கொதித்தது. நவமணியின் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய், கடல் தாண்டி, அந்தத் துரையின் மேல் போய் விழுந்தது. மட்டைக்கு இடம் இருந்திருக்கிறது.

ஆனால் என் திட்டத்தை நான் விடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிக்‌ஷாக்காரன் நாயைப் பார்த்ததும், "தா போலே," முடியாது என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நடந்தே வந்தோம். நான் இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தேன். பதினோரு வருஷமாக என் இங்கிலீஷைப் பெரிய கிராணி திருத்திக்கொண்டே இருக்கிறார். இந்தப் பிரபு ஒரு பிழையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தது. தெருக்கோடியில் அதன் சங்கிலியைச் சற்று இறுக்கிப் பிடித்தேன். உறுமச் சொன்னேன். அது என் கையை நக்கிற்று.

வாசலில் நவமணி நின்றாள். கையில் எனாமல் பாத்திரம், அதில் சோறும் மீன் தலையும். அலறுவாள் என்று காத்திருந்தேன்.

"டியூக், கம்," என்றாள்.

சங்கிலி என் கையை விட்டுப் போயிற்று. கன்றுக்குட்டி பாய்ந்து போய் அவள் காலடியில் படுத்து, வயிற்றைக் காட்டிற்று. இவள் மண்டியிட்டு அதன் தலையைக் கட்டிக்கொண்டாள். நாலு நாளும் பட்டிக்கு மீன் தலை போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் குழம்பில் நாலு நாளாக வால் மட்டுமே வந்ததும் விளங்கிற்று.

"நாலு நாளா போய்க் கெஞ்சின அம்மா நீதானா?"

"எனக்குக் குடுக்க மாட்டேன்னுட்டாங்களே."

"என்கிட்டே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லுவீங்க. வேண்டாம்னு சொன்னாத்தானே செய்யுறீங்க."

"அந்த நொண்டிக் குட்டி எங்கே?"

"மத்தியானமே தையல்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு. இது வரும்னு இடம் ஒழிச்சு வெச்சேன்."

நான் வரும் நேரம் வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவமானம் பொறுக்கவில்லை.

"அப்போ கண்ணைப் பார்த்தா குலை நடுங்குதுன்னு சொன்னது பொய்யா?"

நவமணி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நடுங்குச்சுங்க. நாளைக்குச் சனிக்கிழமை."

நான் உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். கோபம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். தீரவில்லை. சாப்பிடும்போது அந்தத் துரையையும், பியானோவையும், மட்டையையும் பற்றிச் சொல்லிச் சொல்லிக் கொதித்தேன். டிக்கெட் எழுதும்போதே அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்று இலையில் குத்தினேன். நவமணி முழுவதும் கேட்டாள். கடைசியில் ரசம் ஊற்றினாள். பிறகு சொன்னாள்:

"அடுத்த கப்பல்லே போற துரைமாரைக் கேளுங்களேன். பட்டிக்குப் போறதுக்கு முந்தியே நாம வாங்கிக்கலாம்ல?"

நான் ரசத்தைக் குடித்தேன். ரசத்தைக் குடித்துவிட்டு எப்படி மாட்டேன் என்பது?

இப்போது டிக்கெட் எழுதும்போதெல்லாம் கேட்கிறேன். பெட்டி எத்தனை, பியானோ உண்டா, நாய் உண்டா. மூன்றாவது கேள்விக்குத் துரைமார் தலையைக் குனிகிறார்கள். நான் நாயின் பெயரை எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினேழு நாய்களுக்கு வீடு பார்த்திருக்கிறேன். பட்டியில் இடம் காலியாகிவிட்டதென்று பிச்சைமுத்துவே வந்து என்னிடம் சொன்னார்.

போன வாரம் ஒரு துரை, "நாய் இல்லை, பூனைதான்," என்றார். பூனையைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை.

நவமணிக்கு எப்படித் தெரிந்ததோ, பூனை வந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது.