சோகை கொளுத்தாத தலைவரின் தன்னிலை விளக்கம்

சங்கராபுரம் வட்டம்,
மாசி மாதம், சனிக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பயத்துக்கும் உரிய கந்தசாமி மாமா அவர்களுக்கு, மைத்துனன் சுப்புராயன் ஓசூர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கமணி, இரண்டு மாடு, ஒரு கன்றுக்குட்டி ஆகிய ஐவரும் சுகம். அங்கே தங்கள் முட்டி ஆபரேஷன் நன்றாக ஆறி, மகன் வீட்டு மாடிப்படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறுகிறீர்களா, அக்காவுக்குச் சர்க்கரை இறங்கியதா என்று அறிய ஆவல்.

முதல் விஷயம், தங்கள் இரண்டு ஏக்கர் கரும்பும் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு தோகைகூடக் கருகவில்லை. இந்த வரியை மட்டும் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, மீதியைப் பால்கனியில் தனியாக உட்கார்ந்து படிக்கவும். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். தங்கள் போனை அக்காதான் எடுக்கிறாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுகிறாள். நான் ‘கரும்பு’ என்று வாயைத் திறந்தாலே அவளுக்கு எட்டு வருடத்துக்கு முந்தைய வைக்கோல்போர் ஞாபகம் வந்துவிடும். கரும்பு வெட்டியதும் என் வயலில் கிடந்த காய்ந்த தோகையை, அந்தச் சோகையை, நான் கொளுத்தியபோது ஒரு பொறி பறந்து வந்து தங்கள் வைக்கோல்போரைச் சாம்பலாக்கியதையும், அதற்காக அக்கா என்னோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்ததையும், பொங்கல் சீரைத் திருப்பி அனுப்பியதையும் நான் மறக்கவில்லை. கூடப் பிறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்த இரண்டு வருடம் எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா. அப்படிப்பட்டவனை நம்பித் தாங்கள் கரும்பை ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாற்றினேன், அல்லது அது எப்படித் தானாகக் காப்பாற்றப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் குடியரசு தினக் கிராம சபையில் ஆரம்பித்தது. நம் ஊர் வழக்கம் தாங்கள் அறிந்ததுதான், முதலில் நோட்டில் கையெழுத்து, பிறகு போண்டா, அதற்கும் பிறகுதான் தீர்மானம். போண்டாவை முதலில் கொடுத்தால் கையெழுத்துப் போடாமல் போய்விடுகிறார்கள், கடைசியில் கொடுத்தால் கடைசியில்தான் வருகிறார்கள் என்று பல வருட அனுபவத்தில் கண்டுபிடித்த முறை. என் வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் நான் போனேன். முதல் ஆளாகப் போனதால் முதல் கையெழுத்து என்னுடையது. போண்டா வந்தது. அப்போது பெரியம்மாள் எழுந்து நின்றாள். தங்கள் வயலில் களையெடுப்பாளே, வாய்க்கால் மேட்டில் வீடு, பிச்சைமுத்துவின் மனைவி, அவள்தான்.

“வருஷத்துக்கு வருஷம் வெயிலு ஜாஸ்தியாயிக்கினே போவுது. மழ வரமாட்டுது, வந்தா ஒரே நாள்ல வூட்ட இட்டுக்கினு போவுது. ஒலகமே சூடாவுதுன்னு டிவில சொல்றாங்க. ஒலகத்த நாம இன்னா பண்ண முடியும்? ஆனா நம்ம பங்குக்கு நாமளும் எதுக்குக் கொளுத்தணும்? சோகை கொளுத்துற மாசம் பூரா எங்க வூட்டுக்காரரு பாயில ஒக்காந்துக்கினேதான் தூங்குறாரு. வாய்க்கா மேட்டுல இருந்த பனமரம் அத்தினியும் கருகிப் போச்சு” என்றாள். வெட்டிய வயலில் சோகையை இனி யாரும் கொளுத்தக் கூடாது, அதைத் தூளாக்கி நிலத்திலேயே பரப்பும் மெஷினை ஊருக்கு வரவழைக்க வேண்டும், வாய்க்கால் மேட்டில் மறுபடி மரம் வைக்க வேண்டும், இதெல்லாம் அவள் கோரிக்கை. இரண்டு முறை மனு கொடுத்தாளாம், கரும்பு போடுகிறவர் யாராவது வந்து கேட்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஊராட்சிச் செயலர் இளவரசன், “கரும்புக்காரங்கள்ல யாரு முன்மொழியிறீங்க?” என்று கேட்டார். கரும்புக்காரர்கள் எல்லோரும் ஷாமியானாவின் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினார்கள். இளவரசன் நோட்டைப் பிரித்து முதல் கையெழுத்தைப் பார்த்தார். “சுப்புராயண்ணா, உங்களுக்குச் சம்மதந்தான?” அந்த நேரம் பார்த்து என் வாய்க்குள் ஒரு முழுப் போண்டா, உள்ளே நெருப்பாகச் சுடுகிறது, துப்பவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை, சட்னி வாளியோடு எதிரே நின்றவர் ஊற்றட்டுமா என்று சைகை காட்டினார், நான் பலமாகத் தலையாட்டினேன். கூட்டம் கைதட்டியது. சட்னி விழுவதற்குள் தீர்மானம் விழுந்துவிட்டது மாமா. நான் முன்மொழிந்தவன். அத்தோடு பெரியம்மாள் ஆரம்பித்த ‘வெக்கை தணிப்புக் குழு’வுக்குத் தலைவனும் ஆனேன். வழிமொழிந்தவர் என்ற இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதற்கும் ஒரு கரும்புக்காரர்தான் வேண்டுமாம். அன்றிலிருந்து இளவரசன் நோட்டும் கையுமாகத் தெருத் தெருவாக அலைகிறார், கரும்புக்காரர்கள் எல்லாம் கொல்லைப்புறமாக வெளியே போய் வருகிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தலைவர் பதவி மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் என் ஒன்றரை ஏக்கரில் வெட்டின சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. கொளுத்தினால்தான் அடிக்கட்டை சீக்கிரம் துளிர்க்கும் என்று நம் அப்பன்மார் காலத்திலிருந்து பழகிவிட்டோம். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். திங்கட்கிழமை காலையில் குழுவோடு கள்ளக்குறிச்சி போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது. அன்று சாயங்காலமே வயலைக் கொளுத்திவிடுவது. எவனோ பீடி போட்டுவிட்டான் என்று முதல் ஆளாக நானே கத்துவது. தலைவரை யார் சந்தேகப்படுவார்கள்? தங்கள் கரும்பு கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல் நிற்கிறதே என்று யோசிக்காமல் இல்லை. வரப்போரம் பத்தடிக்குச் சோகையை ஒதுக்கித் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். வைக்கோல்போர் வருடமும் இப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை பெரியம்மாளும் ஒன்பது பெண்களும் நானும் பஸ் ஏறினோம். உள்ளூர்க் கடையில் தீப்பெட்டி வாங்கினால் இந்தப் பெண்கள் கண்ணுக்குத் தப்பாது என்று, கள்ளக்குறிச்சியில் டீ குடிக்கப் போகிறவன் மாதிரி நழுவி ஒரு பண்டல் தீப்பெட்டியும், தெரிந்த மெக்கானிக் கடையில் ஒரு தண்ணி பாட்டில் டீசலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில், யாராவது மனம் வெறுத்துத் தீக்குளித்துவிடக் கூடாதே என்று, மனு கொடுக்க வருகிறவர்கள் பையைச் சோதிப்பார்கள். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தலைவர் பையையுமா சோதிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு பெண் போலீஸ் என் பையிலிருந்து முதலில் குடையை எடுத்தார், அடுத்து மனுவை எடுத்தார், அடுத்து பாட்டிலை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தார், கடைசியாகத் தீப்பெட்டிப் பண்டலை எடுத்தார். அவர் முகம் மாறியது. “பெரியவரே, பேரப் புள்ளைங்க இருக்காங்களா?” என்று ரொம்பவும் மெதுவான குரலில் கேட்டார். இருக்காங்கம்மா என்றேன். “அவங்கள நெனச்சுப் பாருங்க” என்றார். நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து இன்னொருவர் ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கொட்டிவிட்டார். நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூடியிருந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். டோக்கன் வாங்கி நூறு பேர் வரிசையில் நிற்க, சொட்டச் சொட்ட என்னை நேராக அதிகாரி முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

“ஒரு மெஷினுக்காகவா உசுர வுடப் பாத்தீங்க?” என்று அதிகாரி பதறிப்போய்க் கேட்டார். ஆமாம் என்றால் கேஸ், இல்லை, கரும்புச் சோகை கொளுத்த என்றால் மானமே போச்சு. பெரியம்மாள் என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் நினைத்திருந்தால் அந்த நிமிஷமே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்.

“அய்யா, அவரு உசுர வுட வரலீங்க. டீசலு மோட்டாருக்கு. தீப்பெட்டி, நாங்க பத்து பொம்பளைங்க ஆளுக்கொண்ணு வாங்கியாரச் சொன்னோம். ஆனா மெஷினு வரலன்னா ஊர்ல யாரு எதக் கொளுத்துவாங்கன்னு எங்களால சொல்ல முடியாதுங்க” என்றாள். அதிகாரி என்னை இன்னொரு முறை பார்த்தார். என் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போனை எடுத்தார். வியாழக்கிழமை மெஷின் வரும் என்றார். டீசலை வைத்துக்கொண்டு தீப்பெட்டியைக் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்சில் பெரியம்மாள் பண்டலைப் பிரித்து என் கண்ணெதிரிலேயே பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு தீப்பெட்டி கொடுத்தாள். “அவருகிட்ட சொன்னது பொய்யாவக் கூடாதுல்ல” என்றாள். பிறகு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, “எதுக்கு வாங்கினீங்கன்னு எனக்குத் தெரியும்ணா. கொளுத்தணும்னா கொளுத்துங்க, ஒங்க நெலம். ஆனா அதுக்கு மின்னாடி எங்க வூட்டாண்ட வந்து ஒரு நாழி ஒக்காந்துட்டுப் போங்க. அவரு இருமுனா எனக்குப் பயமாக்கீது, இருமல் நின்னா இன்னும் பயமாக்கீது” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை மாமா.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, தீப்பெட்டி இல்லாத வெறுங்கையோடு, பழக்க தோஷத்தில் வயலுக்குப் போனேன். கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள், மாசியில் அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய், வரப்பைத் தாண்டி, நான் ஒதுக்க நினைத்த பத்தடியையும் தாண்டி, தங்கள் கரும்பின் நட்டநடுவில் போட்டது. நான் கொளுத்த நினைத்த அதே நேரம், அதே இடம். வரப்பில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா முகம்தான் கண் முன்னால் வந்தது. வீட்டில் தங்கமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “நல்லவரா இருக்கணும்னா ஒங்களுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்த வேண்டியதாக்கீது” என்று சொல்லிவிட்டு வேறு துண்டு எடுத்துக் கொடுத்தாள். பழைய துண்டு இன்னும் தங்கள் கரும்பில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மெஷின் வந்தது. ஒன்றரை ஏக்கர் சோகையும் தூளாகி மெத்தை விரித்த மாதிரி கிடக்கிறது, கையை உள்ளே விட்டால் அடியில் ஈரம் ஜில்லென்று இருக்கிறது. தண்ணி பாய்ச்சலில் ஒரு முறை மிச்சம் என்றார்கள். பிச்சைமுத்து மெதுவாக நடந்து வந்து வரப்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். “புகையே இல்லாம ஒரு மாசி மாசம்” என்றான். மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான், ஒருமுறைகூட இருமவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கின மாதிரி இருந்தது. தெருவிளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை.

ஆகவே மாமா, தங்கள் கரும்புக்கு ஆபத்து வரப் பார்த்த குற்றத்துக்காகவும், வைக்கோல்போருக்காக இன்னொரு முறையும், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இனி ஜென்மத்துக்கும் சோகை கொளுத்த மாட்டேன். அக்காவுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், தங்கள் முட்டிக்கு என் தனிப்பட்ட விசாரிப்பையும் தெரிவிக்கவும். கரும்பு தங்கள் வரவை எதிர்பார்த்து நிற்கிறது.

இப்படிக்கு, தங்கள் ஆசியிலும் அக்காவின் தயவிலும் காலம் தள்ளும்,
சுப்புராயன்,
தலைவர், வெக்கை தணிப்புக் குழு.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப் போகும்போது, அக்கா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தாங்களே போன் செய்தீர்கள். பேசியது தங்களுக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். “இன்னாடா மச்சான், மாசி பொறந்துடுச்சு, இன்னுமா சோகையக் கொளுத்தல? எனக்குக் கட்டிங் ஆர்டரு சித்திரைக்கு மேலதான்னு மில்லுக்காரன் சொல்லிட்டான். எரிஞ்ச கரும்புன்னா சாறு வத்திடும்னு மறுநாளே வெட்ட ஆள் வுடுவான். வைக்கப்போரையே வுடாதவனாச்சே, கரும்ப வுட்டுடுவியான்னு உன்ன நம்பித்தாண்டா ஓசூருக்கு வந்தேன்!”

மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெரியம்மாளிடம் சொன்னேன். தாங்கள் வரும்வரை தங்கள் கரும்புக்குப் பத்துப் பெண்களும் முறை வைத்துக் காவல். வாசலில் நோட்டோடு நின்றுகொண்டிருந்த இளவரசனைக் கூப்பிட்டு, வழிமொழிந்தவர் என்ற இடத்தில் ‘கந்தசாமி, கரும்பு விவசாயி’ என்று எழுதச் சொல்லிவிட்டேன். மே தினக் கிராம சபைக்கு வந்து கையெழுத்துப் போட்டால் போதும், போண்டா உண்டு. வர மறுத்தால் இந்தக் கடிதத்தின் நகலை நானே அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டுவேன். அவள் ஸ்பீக்கரில் போடுவாள்.