பத்து லீற்றர் உப்புப் பார்த்த கதை

மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. வீட்டில் தோசைக்கு மா கரைத்து வைத்தால் மணிக்கொரு தடவை மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். நான் பார்க்கிற பார்வையில் பொங்குகிற மாவும் வெட்கப்பட்டு அமுங்கிவிடும் என்பாள் மனைவி. இப்படிப்பட்டவன்தான் வீட்டிலேயே பியர் காய்ச்சப் புறப்பட்டேன்.

நகரின் மறுகோடியில், மோர்டனில் இருக்கும் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, இரண்டு மாதத்தில் ஐம்பதாவது பிறந்தநாள் வர இருந்தது. "நீங்கள் பியர் வாங்காதேங்கோ மச்சான், நான் செய்துகொண்டு வாறன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

"ஆறு கிழமை, முழுசா நாற்பத்திரண்டு நாள், தொடாமல் வைச்சிருக்க வேணுமாம். உமக்கு ஏலுமோ?" என்றார் அவர்.

நான் தொடங்கி முடிக்காத காரியங்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது (கிட்டார், நீச்சல், பின்வளவில் பாதியில் நிற்கும் மதில்). இந்த முறை அவருடைய வாயை அடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

புளித்து அடங்கிய பியரை, குழாய் பூட்டிய பத்து லீற்றர் உருக்குப் பீப்பாவில், அதாவது கெக்கில், அடைத்தேன். வாயுவும் ஏற்றினேன். இல்ஃபோர்ட் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். புதிதாக வரும் கார், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் திருநீறு பூசும் மனைவி, இதற்கு மட்டும் பூசமாட்டேன் என்றுவிட்டாள்.

மூன்றாம் நாள் சந்தேகம் பிடித்தது. உள்ளே என்னதான் நடக்கிறது? உருக்குக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது. கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கினேன். பச்சை ஆப்பிள் வாசம் அடித்தது. அது நாளைக்கும் இருக்குமா? பார்க்க வேண்டுமே. உள்ளங்கையில் சரியாகத் தெரியவில்லை என்று தேத்தண்ணிக் கோப்பைக்கு மாறினேன். குறித்து வைக்க ஒரு கொப்பியும் போட்டேன். பன்னிரண்டாம் நாள், பேக்கரிப் பாண் வாசம். இருபதாம் நாள், கசப்பு தணிகிறது. (இதைக் குடி என்று சொல்லக்கூடாது. ஆராய்ச்சி.)

"கறிக்கு ஒருக்காத்தான் உப்புப் பார்க்கிறது" என்றாள் மனைவி, அலுமாரியைத் தாண்டிப் போகும்போது.

பிறந்தநாளன்று கெக்கைத் தூக்கினேன்.

"பாரமாயில்லையோ?" என்றாள் மனைவி.

"ஜிம்முக்குப் போறவனுக்கு இது ஒரு பாரமோ?" (மாதச் சந்தா கட்டியிருந்தேன். போனதில்லை.)

உண்மையில் பாரமே இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய எனக்கு விருப்பம் வரவில்லை. ரயில் மாறி மாறி மோர்டன் போய்ச் சேரும்வரை, கெக்கை மடியில் வைத்துக்கொண்டு யன்னலையே பார்த்தபடி இருந்தேன்.

மண்டபத்தில் நாற்பது பேர் வெறும் கிளாசோடு நின்றார்கள். என் சொல்லை நம்பி மச்சான் ஒரு போத்தல்கூட வாங்கியிருக்கவில்லை. அவருடைய கிளாசைப் பிடித்துக் குழாயைத் திருகினேன். பாதி நிறைந்தது. பிறகு உஸ்ஸ் என்று காற்று வந்தது. கெக்கைச் சரித்தேன். இன்னொரு உஸ். காது இரண்டும் எரிந்தன. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

மச்சான் அந்த அரைக் கிளாசை ஆறுதலாகக் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மிச்சம் எங்க?"

"அவர் உப்புப் பார்த்திட்டார், அண்ணை" என்றாள் மனைவி.

இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், என்னைக் கண்டதும் சட்டிகளை மூடுகிறார்கள். அது பரவாயில்லை. அந்தக் கெக்கைக் காலி செய்தவன் நான். ஆனால் ஆறு கிழமை முதிர்ந்த பியரைக் குடித்த ஒரே மனிதர் மச்சான். அது எப்படி இருந்தது என்று காணும்போதெல்லாம் கேட்கிறேன்.

"வைச்சுப் பாரும், தெரியும்" என்கிறார்.

மாடிப்படிக்குக் கீழே இப்போது இரண்டாவது கெக் இருக்கிறது. அலுமாரிச் சாவி மோர்டனில் இருக்கிறது.