பீரோவுக்குள் வைஃபை

எங்கள் வீட்டு வைஃபையைச் சுரங்கப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கொண்டுவருவது என்று அந்த மாதப் பிறப்பில் சபதம் எடுத்தேன். இனி என் அனுமதி இல்லாமல் ஒரு போன்கூட அதில் ஒட்டிக்கொள்ள முடியாது. ஒட்டினால் என் பெயர் கொளஞ்சிநாதன் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று இதை முழங்கினேன். என் மனைவி செவ்வந்தி கேட்டுவிட்டு, "சரிங்க, மொதல்ல மோட்டார நிறுத்துங்க, தொட்டி வழிஞ்சிக்கினு இருக்குது" என்றாள். நிறுத்திவிட்டு வந்து மிச்சத்தை முழங்கினேன்.

காரணம் இல்லாமல் சபதம் எடுக்கிறவன் இல்லை நான். எங்கள் ஒரே மகள் இசைப்பிரியா அயர்லாந்தில் இருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. அந்த மாதம் மூன்றாவது ஞாயிறு அவளுடைய சிநேகிதிகள் அங்கேயே வளைகாப்பு நடத்துவதாக ஏற்பாடு. நம் ஊர் நேரம் மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் பார்க்க வேண்டும். நேரில் போக விசா வரவில்லை, போன் நெட்டில் எங்கள் தெருவில் வீடியோ ஓடாது, வைஃபை ஒன்றுதான் கதி.

அந்த வைஃபையின் லட்சணம் போன மாதமே தெரிந்துவிட்டது. "அப்பா, வயிறு எவ்ளோ பெருசாயிடுச்சு பாருங்க" என்று பிள்ளை ஆசையாகப் பக்கவாட்டில் திரும்பினாள். திரும்பும்போதே படம் நின்றுபோனது. அரை மணி நேரம் அவளுடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல முழங்கைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பெற்ற மனசு முழங்கையோடு ஆறிவிடுமா? விசாரித்ததில், மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு உண்டாம். அது தீர்ந்தால் அடுத்த மாதம் வரைக்கும் நெட் நொண்டியடிக்குமாம். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர், இரண்டே போன். அப்படியானால் தின்று தீர்ப்பது யார்?

நான் வேலை பார்க்கும் மைன்ஸில் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஜெயப்பிரகாஷிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன்தான் எங்களுக்கு டாக்டர். பாஸ்வேர்டு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். குவார்ட்டர்ஸ் நம்பர் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. அந்த நம்பரைத்தான் எங்கள் வீட்டு முன்சுவரில் முழ உயரத்துக்குக் கறுப்புப் பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். மழையில் மங்கினால் ஆள் அனுப்பித் திரும்பவும் எழுதுகிறார்கள். டவுன்ஷிப் முழுக்கவே பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு சுவரில்தான் இருக்கிறது என்று சொல்லித் தேற்றினான்.

அன்று மாலையே மாற்றினேன். எழுத்தும் எண்ணுமாக, நடுவில் ஒரு ஸ்டாருமாக, யாரும் கனவில்கூட நினைக்க முடியாத பாஸ்வேர்டு. மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். வழக்கம்போல வாசலில் செவ்வந்தியிடம் சார்ஜ் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டு எதிரில் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

சார்ஜ் கொடுப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஷிப்ட் போர்மேன். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து முன்னால் நிற்கும்வரை நான் இடத்தை விட்டு அசையக் கூடாது. வந்ததும் எந்த பெல்ட் ஓடுகிறது, எந்த ரோலர் சத்தம் போடுகிறது, எந்தச் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று எல்லாவற்றையும் வாயால் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்துவிட்டால் தலை காலி. அதற்கு அப்புறம் பெல்ட் அறுந்தாலும் அது அவர் பாடு. முப்பது வருஷமாக இப்படியே பழகி, வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் செவ்வந்தியிடம் சார்ஜ் கொடுத்தால்தான் எனக்குக் கால் நகரும். கேஸ் நேற்றுதான் மாற்றியது, பின்கதவுத் தாழ்ப்பாள் லூஸ், தொட்டியில் பாதித் தண்ணீர், இப்படி. அவள் சாப்பாட்டுக் கேரியரை நீட்டிக்கொண்டு, "வேற?" என்பாள். நான் மிச்சத்தையும் சொல்வேன்.

ஷிப்ட் முடிந்து வந்து ரூட்டரின் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். ஏழு போன் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழு! என் பாஸ்வேர்டை ஒரே பகலில் உடைத்திருக்கிறான் என்றால் அவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது. சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுப் பழனிவேல் மேல் போனது. அவர் அனல் மின் நிலையத்தில் இருந்து ரிடையர் ஆக இருப்பவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு எப்போதும் போனைப் பார்த்துச் சிரிப்பார். என் டேட்டாவில் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. காம்பவுண்டு ஓரம் நின்று, சில பேர் அடுத்தவன் வீட்டில் கை வைக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஆமாம் சார், எங்கள் வீட்டு முருங்கைக்காயும் காணாமல் போகிறது என்று அவர் பொதுவாகப் பதில் சொன்னார். முருங்கைக்காய் பறித்தது நான்தான் என்பதால் பேச்சை அதோடு விட்டேன்.

அடுத்து நெட்வொர்க்கின் பெயரையே மறைத்தேன். பாஸ்வேர்டை இன்னும் நீளமாக்கினேன். மறுநாள் காலை சார்ஜ் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போய் வந்து பார்த்தால் எட்டு போன்.

பிறகுதான் அந்த யோசனை பிறந்தது. சிக்னல் வீட்டை விட்டு வெளியே போனால்தானே திருடுவார்கள்? ரூட்டரைத் தூக்கி இரும்பு பீரோவுக்குள், செவ்வந்தியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். ஒயர் போக ஒரு விரல் சந்து விட்டுக் கதவைச் சாத்தினேன். சிக்னல் கூடத்துக்கே வரவில்லை. எனக்கு ஏற்பட்ட ஆனந்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே ஒரு சங்கடம், செய்தி படிக்க வேண்டுமானால் பீரோவைத் திறந்து உள்ளே தலையைக் கொடுத்து உட்கார வேண்டும்.

செவ்வந்தி உள்ளே வந்து என் முதுகைப் பார்த்தாள்.

"இன்னா தேடறீங்க?"

"சிக்னல்."

"கல்யாணப் பொடவைல கெடச்சுதா?"

"ரெண்டு கோடு காட்டுது."

"பாச்சா உருண்டை வாசனை மூக்குல ஏறிடப் போவுது. வெளிய வாங்க."

அதற்கும் அடுத்த நாள், பகலில் யாரோ பீரோவைத் திறந்துபோட்டிருந்தார்கள். துணி காற்றாட வேண்டாமா என்றாள் செவ்வந்தி. போன் ஒன்பது ஆகியிருந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அன்று காலைதான் உண்மை வெளிப்பட்டது. நான் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரகாஷ் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அண்ணே, புது பாஸ்வேர்டு போட்டிருக்கீங்க போல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, எழுத்து, எண், ஸ்டார் எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொன்னான்.

"கேஸ் புதுசு, தாழ்ப்பாள் லூஸ்னு சொல்லிட்டு, அண்ணி 'வேற?'ன்னு கேட்டதும் இதையும் சொன்னீங்களேண்ணே. பஸ்ஸே கேட்டுச்சு."

அன்று முழுவதும் பெல்ட் ஓடியதோ நின்றதோ எனக்குத் தெரியாது. நாள் தவறாமல் என் வாயாலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, பழனிவேல் மேல் பழி போட்டிருக்கிறேன். செவ்வந்தி எதற்காக அதை ஊருக்கு விநியோகம் செய்கிறாள் என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டால் மழுப்புவாள். கேட்பதில் பலன் இல்லை, வாயைக் கட்டுவதுதான் வழி என்று தீர்மானித்தேன்.

சனி மாலை கடைசிப் பாஸ்வேர்டைப் போட்டேன். போன் தொலைந்தால் பாஸ்வேர்டும் தொலையும் என்பதால் என் போனில்கூடப் பதிந்துவைக்கவில்லை. மூளையில் மட்டும் வைத்தேன். ஞாயிறு காலை கிளம்பும்போது ஒரு முழு மெதுவடையை வாயில் திணித்துக்கொண்டேன். செவ்வந்தி கேரியரை நீட்டி, "வேற?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று திரும்பவும் கேட்டாள். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வடை காப்பாற்றியது. பஸ்ஸில் ஏறி விழுங்கிய பிறகு ஜெயப்பிரகாஷின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முப்பது வருஷ வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ரகசியத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தேன்.

மதியம் ஷிப்ட் முடிந்தது. என்னை விடுவிக்க மருதமுத்து வந்தார். மனசு லேசாக வீட்டுக்கு வந்து, குளித்து, பட்டு வேட்டி கட்டி, பீரோவைத் திறந்து, போனைக் கையில் எடுத்து, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் விரலை வைத்தேன்.

ஒன்றும் வரவில்லை. முதல் எழுத்துகூட வரவில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டது போல இருந்தது. சார்ஜ் கொடுத்த பிறகுதான் என் தலை இப்படிக் காலியாகும். ஆனால் காலையில் நான் யாருக்கும் கொடுக்கவில்லையே என்று யோசித்தேன். யோசிக்கும்போதே மதியம் மைன்ஸில் சார்ஜ் ஒப்பித்தது நினைவுக்கு வந்தது. உடனே மைன்ஸுக்குப் போன் போட்டு மருதமுத்துவைப் பிடித்தேன்.

"மருதமுத்து, மத்தியானம் சார்ஜ் குடுக்கும்போது கடைசியா ஒரு நம்பர் சொன்னேனா?"

"ஆமாங்க. ரோலர் நம்பர்தானே? நானே உங்களக் கூப்புடணும்னு இருந்தேன்."

"அது என்னன்னு சொல்லுங்க, சீக்கிரம்."

"பெல்ட்டு சத்தத்துல சரியா விழலைங்க. ரெண்டு ஆளு அப்பலேருந்து அந்த ரோலரத் தேடிக்கினு இருக்காங்க. அந்த நம்பர இன்னொரு தபா சொல்லுங்களேன்."

போனை வைத்தேன். ரூட்டரின் பின்னால் ஒரு துளை இருக்கிறது, அதில் ஊசியால் குத்தினால் பாஸ்வேர்டு அழியும் என்று ஜெயப்பிரகாஷ் சொல்லியிருந்தான். அதோடு இணைப்பே அழிந்துவிடும், திரும்பப் போட்டுத்தர ஆபீஸ் ஆள் வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? மணி ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம்தான். வாய்க்கு வந்த எண்களை எல்லாம் தட்டிப் பார்த்தேன். தப்பு, தப்பு என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது. பட்டு வேட்டியோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். பெற்ற பெண்ணின் வளைகாப்பைப் பார்க்க முடியாமல் செய்துகொண்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. செவ்வந்தியிடம் எப்படிச் சொல்வது என்று அவளைத் தேடினேன். வீட்டில் அவளைக் காணோம்.

பக்கத்து வீட்டில் இருந்து ஒரே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாசல் கொள்ளாத செருப்பு. பழனிவேல் தன் வீட்டுக்கு வெளியிலேயே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே முழுக்க லேடீஸ் சார், நமக்கு இங்கேதான் இடம் என்று நகர்ந்து நின்று எனக்கும் ஒரு கம்பி கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடத்தில் இருந்தார்கள். நடுவில் தாம்பாளம், சந்தனம், கலவை சாதம். பெரிய டிவியில் என் மகள், இரண்டு கை நிறைய வளையலோடு, முழு உருவமாக, கொஞ்சமும் நிற்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை முகம் தெரிந்தது, வயிறும் தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

செவ்வந்தி என்னைக் கண்டு ஜன்னலுக்கு வந்தாள். பாஸ்வேர்டு மறந்துபோனதைச் சொல்லிவிட்டு, இது எப்படி என்று கேட்டேன்.

"போன மாசம் முழங்கையப் பாத்துக்கினு ஒக்காந்தீங்களே, அன்னிக்கே நானும் சின்னம்மா அக்காவும் பேசி வச்சிட்டோம்" என்றாள். சின்னம்மாள்தான் பழனிவேலின் மனைவி. "மாசத்துல மொத பாதி எல்லாரும் நம்ம வூட்டு நெட்டு. ரெண்டாவது பாதி எல்லாரும் அவங்க வூட்டுது. விசேஷம் பின்பாதில வருதுன்னு அவங்கதைத் தொடாம வச்சிருந்தோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அதுக்கும் பூட்டு போடுவீங்க."

பழனிவேல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளை மெதுவாகத் தட்டி, முருங்கைக்காய் நான்தான் என்று சொல்லிவிட்டேன். தெரியும் சார், எங்கள் வீட்டில் அதையும் பேசித்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்.

அப்போது டிவியில் இசைப்பிரியா கூட்டத்தில் தேடினாள். "அம்மா, எல்லாரும் இருக்கீங்க, அப்பா எங்கம்மா?"

செவ்வந்தி போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கம்பிகளுக்குப் பின்னால் பட்டு வேட்டியோடு நான் பல்லைக் காட்டினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"அப்பா நம்ம வூட்டு நெட்டுக்குக் காவல் நிக்கறாருமா. ரொம்ப பத்திரமா இருக்குது, இப்ப அவராலயே எடுக்க முடியல."