முன்னால் மட்டும் போகும் கார்

தன் சைக்கிளை இடித்தவனுக்காகத் தானே வக்காலத்து வாங்கிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் உத்திரமேரூரில்தான் இருக்கிறார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘ரெண்டுபக்கம்’ என்றால் தெரியாதவர் கிடையாது. சைக்கிளில் கோலமாவு விற்பவர். எந்தச் சண்டையிலும் நுழைவார், இரண்டு பக்கமும் நியாயம் என்பார், இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை எனக்கும் என் மனைவிக்கும் மாவு அளந்தபடியே தீர்ப்புச் சொன்னார். எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகைக் கடைசி நாள். விடிந்தால் மார்கழி. அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் அவருக்கு வருடம் ஓட வேண்டும். மூட்டைகளைக் கட்டிக்கொண்டு மானாம்பதிக்குக் கிளம்பினார். மார்கழியில் புது வண்டிக்குப் பூஜை ஆகாதே! அதனால் அதே காலையில், பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு புது கார் நின்றது. ஓட்டப்போகிறவர் காவாந்தண்டலத்து விவசாயி. அப்போதுதான் ஓட்டப் பழகியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மறு கையில் கோயில் பொங்கல் வாங்குவது ரெண்டுபக்கத்தின் வழக்கம். இறங்கி வாங்கினால் ருசி போய்விடுமாம். அப்படி வாங்கிக்கொண்டு காருக்கு முன்னால் வந்தார். “வண்டியை முன்னால எடுங்கோ” என்றார் குருக்கள். அந்த விவசாயி எடுத்த வேகத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, சைக்கிள் பம்பருக்கு அடியில் மாட்டியது, ஒரு மூட்டை வெடித்துக் குருக்கள், வேடிக்கை பார்த்த நான் உட்பட எல்லோரும் வெள்ளையானோம். தரையில் உட்கார்ந்திருந்த ரெண்டுபக்கத்தின் கையில் பொங்கல் மட்டும் சிந்தாமல் இருந்தது.

“அடி ஒண்ணும் படலியே அண்ணே? வண்டிய பின்னால எடுக்கறேன், சைக்கிள் வந்துரும்” என்றார் கார்க்காரர்.

“பூசை போட்ட வண்டிய மொதமொத பின்னாலயா எடுப்பாங்க? குடும்பம் வெளங்குமா?” என்றார் மனைவி.

முன்னால் எடுத்தால் சைக்கிள் அப்பளம். பின்னால் எடுத்தால் அபசகுனம். காரைத் தூக்கிவிடலாம் என்றார் ஒருவர். டயர் அந்தரத்தில் நிற்பது நல்லதா என்றார் இன்னொருவர். எல்லோரும் குருக்களைப் பார்த்தோம். கார் விஷயமெல்லாம் தான் படிக்கவில்லை என்றுவிட்டார் அவர்.

“எனக்கு நஷ்டஈடு வோணும் நைனா! நாளைக்கு ஊரு ஊரா போவணும், சைக்கிள் இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?” என்று கத்திய ரெண்டுபக்கம், அடுத்த மூச்சிலேயே, “ஆனா அந்தம்மா சொல்றதும் ஞாயந்தான். பொங்கல கையில வச்சிக்கினு வந்தது நானு” என்றார்.

“யோவ், நீ யாரு கட்சிய்யா?” என்றார் டீக்கடைக்காரர்.

“அதான் எனக்கும் புரில.”

வெயில் ஏறியும் குழப்பம் இறங்கவில்லை. கடைசியில் ரெண்டுபக்கம் பொங்கலைத் தின்று முடித்து, கையை வேட்டியில் துடைத்தார். “முன்னாலயே எடு நைனா. சைக்கிள் போனா போவுது. புது வண்டி, நல்லா ஓடட்டும்.” கார் நகர்ந்தது. சைக்கிள் அப்பளமாக நொறுங்கியது.

கார்க்காரர் இறங்கினார். மிச்ச மூட்டையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். “ஐயோ, புது சீட்டு!” என்ற மனைவி, நசுங்கிக் கிடந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு, “சரி, நீங்களும் ஏறுங்க” என்றார். புது காரின் முதல் சவாரி மானாம்பதிக்கு. ஜன்னல் வழியே தலையை நீட்டி, “கோல…மாவே!” என்று கூவிக்கொண்டே போனார் ரெண்டுபக்கம்.

அந்த மாதமே கார்க்காரர் அவருக்குப் புது சைக்கிளும் வாங்கிக் கொடுத்துவிட்டார். இருந்தும் மார்கழி பிறந்தால் அந்த கார்தான் எங்கள் தெருவுக்குள் வருகிறது. பின்சீட்டின் நிறமே வெள்ளையாகிவிட்டது. போன மார்கழியில் ரெண்டுபக்கம் என் மனைவிக்கு மாவு அளந்துகொண்டிருந்தபோது, “இன்னுமா நஷ்டஈடு தீரல?” என்று கார்க்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “தீந்துச்சானு கேட்டா, எம்பக்கம் பேசி, தீந்துச்சுன்னுடுவாரு சார். அதான் நான் கேக்கறதே இல்ல.”