உடும்பு மாஸ்டரின் இரும்புக் கட்டை

மூடிக் கிடந்த மேஜை நாற்காலிக் கடையின் மாடிக்கு ஊரே படையெடுத்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. பலம் தேடி வந்தவர்கள் பக்கக் கம்பியைத் தொற்றிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினார்கள். மேலே போய்விட்டால் போதும். அங்கே உடும்பு மாஸ்டர் இருக்கிறார். அவர் ஒரு செம்புக் காப்பை மணிக்கட்டில் மாட்டிவிட்டால், நேற்றுவரை டப்பா மூடியோடு மல்லுக்கட்டியவன் இன்று மலையையே பெயர்த்துவிடுவான். மலை ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறது என்று கேட்கக் கூடாது. கேட்டால் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் காப்பு வேலை செய்யாது.

சாட்சிகளுக்கா பஞ்சம்? "முன்னெல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கறதுக்குள்ள எனக்கே பல் ஆடிடும். இப்போ தொட்டா கையோட வருது" என்றார் பல் டாக்டர். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்பதை அவர் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரர் இப்போ நான் சொன்னதைக் கேக்கறாரு. எல்லாம் கைப்பிடி பலம்!" என்றார் வங்கி அதிகாரி அம்மாள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையாட்டினார். வேறென்ன செய்வார், பாவம்.

மாஸ்டரின் சித்தாந்தம் சின்னது. அதனால்தான் எல்லோர் மண்டையிலும் சுலபமாக ஏறியது.

"கை ஒண்ணு! சக்தி ஒண்ணு! தினமும் ஸ்பிரிங்கை அமுக்குங்க, காப்பைக் கழட்டாதீங்க. ஒரு பிடி வந்துட்டா எல்லாப் பிடியும் தானா வரும்!"

உள்ளங்கைக்குள் வைத்து அமுக்குகிற ஸ்பிரிங்கும் அவரே விற்றார். காப்பும் அவரே விற்றார். சந்தேகம் ஒன்றைத்தான் விற்கவில்லை.

ஆதாரம் கேட்டவர்களுக்கு இரும்புக் கட்டை இருந்தது. முழங்கை உயரம், கறுப்புப் பெயின்ட். ஒரு முனை வழுவழுவென்று மொட்டை. மறுமுனையில் துடைப்பக் கட்டை பருமனில் ஒரு கம்பிக் கைப்பிடி. மாஸ்டர் மொட்டை முனையை மேலே வைத்து நிறுத்துவார். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் என்று கிள்ளுகிற மாதிரிப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்குவார். கட்டை வழுக்கிக்கொண்டு தொம்மென்று விழும். கூட்டம் 'ச்சு' கொட்டும்.

பிறகு காப்பு. கண்ணை மூடச் சொல்வார். கட்டையின் மேல் உஸ்ஸென்று ஊதுவார். "கட்டைக்கும் சக்தி இறங்கணும்" என்று அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். இப்போது கம்பி மேலே.

"சக்தி உள்ளங்கைக்கு வந்துடுச்சு. உள்ளங்கையைக் கொடுத்துப் பிடி. தூக்கு!"

கட்டை பூப்போல் மேலே வரும். கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிரும். தூக்க முடிந்தால் காப்பின் மகிமை, முடியாவிட்டால் உன் நம்பிக்கைக் குறைவு. இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசை பக்தன் ஒருவன் இருந்தான். பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். தீயணைப்புப் படையில் சேர வேண்டும் என்பது அவன் கனவு. எழுத்துத் தேர்வு, ஓட்டம், ஏணி எல்லாம் தேறிவிடுவான். கடைசியில் ஒரு கம்பியில் தொங்க வேண்டும். விசில் அடிக்கும்வரை கையை விடக் கூடாது. இரண்டு வருஷமும் விசிலுக்கு முன்னால் விழுந்தான். அடுத்த மாதம் மூன்றாவது முறை. அதோடு வயது வரம்பு முடிகிறது. விழுந்தால் வாழ்நாள் முழுக்கப் பெட்டிதான்.

அவனுடைய அக்கா எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற உத்தியோகம். தம்பிக்காகச் சமையலறை வாசலில் குறுக்கே ஒரு கம்பி அடித்துக் கொடுத்தவள் அவள்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கம்பியில் அவன் தொங்கவில்லை. அவனுடைய ஈரச்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டா, சட்டையா தேர்வுல தொங்கப் போகுது?"

"தொங்கறதை நிறுத்தச் சொல்லிட்டாரு மாஸ்டர். சக்தி சிதறிடுமாம்." தம்பி நாற்காலியில் சாய்ந்தபடி ஸ்பிரிங்கை டிக் டிக்கென்று அமுக்கினான். "ஒரு பிடி வந்தா எல்லாப் பிடியும் வரும்க்கா. பாரு, அங்க யாராலும் முடியாத ஸ்பிரிங்கை நான் ஒட்ட அமுக்கறேன்."

"அப்போ எழுந்து வந்து ஒரு தடவை தொங்கிக் காட்டு."

"உனக்கு நம்பிக்கையே கிடையாது" என்றான், எழுந்திருக்காமலே.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் மட்டுமில்லை, பயமும்தான். இவன் இரண்டாவது தடவை விழுந்துவிட்டு வந்தபோது பார்சல் மாதிரிச் சுருண்டு படுத்ததைப் பார்த்தவள் அவள். அந்த உடும்பைத் தோலுரித்துவிடுவது என்று முடிவு செய்தாள். கட்டையில்தான் மோசடி. ஒன்றுக்கு இரண்டு கட்டை வைத்திருப்பான், கனமானது ஒன்று, உள்ளே பொள்ளலானது ஒன்று. எடை விஷயத்தில் தன்னிடமா விளையாடுவது?

மறுநாள் அரசாங்கத் தராசோடு மாடிக்குப் போனாள். "காப்புக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை நிறுக்கணும்."

"தாராளமா நிறுங்க மேடம்" என்று மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக விலகி நின்றார்.

நிறுத்தாள். முன்பும் பின்பும் அதே எடை. ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். "அரசாங்கமே சொல்லியாச்சு! எடை மாறல! அப்போ மாறினது எது?"

"கை!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்தியது கூட்டம்.

அன்று காப்பு வழக்கத்தைவிட அதிகமாக விற்றது. அக்கா தராசைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, முதல் வரிசையில் தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்ததாம். அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

இரண்டு வாரம் அந்த மாடிப் பக்கமே போகவில்லை. வேலையில் கவனம் செலுத்தினாள். அப்படித்தான் ஓர் ஆணிக் கடைக்குப் போனாள். இரட்டைத் தட்டுத் தராசு வைத்து ஆணி விற்கிற கடை.

"எல்லாம் சுத்தம் மேடம்" என்றார் கடைக்காரர். "கல்லைப் பாருங்க, முத்திரை இருக்கு. தட்டைப் பாருங்க, பளபளன்னு இருக்கு."

கல் சரி. தட்டும் சரி. ஒரு தட்டில் கல்லையும் மறு தட்டில் ஆணியையும் வைத்தாள். தண்டு சமமாக நின்றது. பிறகு, தினமும் பல் தேய்க்கிற மாதிரிக் கை தானாகச் செய்கிற காரியத்தைச் செய்தாள். ஆணியைக் கல் இருந்த தட்டுக்கும், கல்லை ஆணி இருந்த தட்டுக்கும் மாற்றினாள். தண்டு ஒரு பக்கம் பொசுக்கென்று சாய்ந்தது.

"தண்டுல ஒரு கை நீளம், ஒரு கை குட்டை" என்றாள்.

"அடடா, எனக்கே தெரியாதே மேடம்!"

"தெரியாதவருக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கல்லில் குற்றமில்லை. திருட்டு தண்டில் இருந்தது, எல்லோர் கண்ணெதிரேயும். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் அகப்படாது. மாடியில் தானும் கட்டையின் எடையைத்தானே பார்த்தோம்? அதைப் பிடித்த பிடியைப் பார்த்தோமா? தட்டு மாற்றாமல் ஒரு தராசைக்கூட விட்டதில்லை. அந்த ஆளுடைய வித்தையை மட்டும் மாற்றிப் பார்க்காமல் விட்டுவிட்டோமே! தலையில் அடித்துக்கொண்டாள். கடைக்காரர் தன் மேல்தான் கோபம் என்று நினைத்து இன்னும் வேர்த்தார்.

அந்த வாரமே 'மகா சக்தி நாள்'. மாடியில் நிற்க இடமில்லை. மேடையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் தம்பி. ஸ்பிரிங் அமுக்குவதில் முதலாவது சீடன் என்று அவனுக்கு இரண்டாவது காப்பு மாட்டப்போகிறார்களாம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா போனாள்.

"மறுபடியும் நிறுக்கணுமா மேடம்?" என்றார் மாஸ்டர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எடை வேண்டாம். வரிசையை மட்டும் மாத்திக்கறேன். காப்பு இல்லாம கம்பிப் பக்கம். காப்பு போட்டுக்கிட்டு மொட்டைப் பக்கம். அவ்வளவுதான்."

மாஸ்டரின் சிரிப்பு பாதி வழியில் நின்றது. "அப்படியெல்லாம் மாத்தக் கூடாது. சக்தி பின்னோக்கிப் பாயும். நரம்பு அறுந்துடும்."

"என் நரம்புதானே? அறுந்துட்டுப் போகட்டும்."

வெறுங்கையோடு போய், கம்பியைப் பிடித்துத் தூக்கினாள். கட்டை பூப்போல் வந்தது. காப்புமில்லை, ஊதலுமில்லை. கூட்டம் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அடுத்து மாஸ்டர் கையிலிருந்த காப்பையே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். கட்டையைத் திருப்பி, மொட்டை முனையைக் கிள்ளிப் பிடித்தாள். வழுக்கி விழுந்தது.

"பார்த்தீங்களா!" மாஸ்டருக்கு உயிர் வந்தது. "நம்பிக்கை இல்லாத கையில காப்பு பேசாது!"

"வாஸ்தவம்" என்றாள் அக்கா. "நம்பிக்கைக்கு இதோ என் தம்பி இருக்கான். இவனைவிட ஆள் வேணுமா? வாடா."

தம்பி வந்தான். அக்காவைச் சுட்டுவிடுகிற மாதிரிப் பார்த்தான். இரண்டாவது காப்பையும் மாட்டிக்கொண்டான். கண்ணை மூடினான். முழு மனசோடு மொட்டை முனையைப் பிடித்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. யாராலும் முடியாத ஸ்பிரிங்கை ஒட்ட அமுக்கின அதே கை. கட்டை விரலிடுக்கில் நழுவி, தொம்மென்று அவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. மறுபடி பிடித்தான். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவன் பிடிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர்" என்றான் மெதுவாக. "நீங்க ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை நாளில் மாஸ்டர் அந்தக் கட்டையைத் தூக்கி யாருமே பார்த்ததில்லை. திருப்பித்தான் வைத்திருக்கிறார்.

மாஸ்டர் வாயில் விரலை வைத்து, தனக்கு இன்று மௌன நாள் என்று சைகை காட்டினார். சற்று முன்புவரை தொண்டை கிழியப் பேசிய மனிதர்! பல் டாக்டர் காப்பைக் கழற்றிவிட்டு வந்து கம்பியைத் தூக்கினார். வந்தது. வங்கி அதிகாரி அம்மாள் தூக்கினார். வந்தது. அவருடைய வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் தூக்கி, மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேடையில் கழற்றிய காப்புகள் குவிய ஆரம்பித்தன.

மாஸ்டர் சத்தமில்லாமல், பின்பக்கப் படிக்கட்டை அடைத்திருந்த இரும்பு ஷட்டரை நோக்கி நழுவினார். ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. உடும்பு மாஸ்டர் குனிந்து இழுத்தார், முக்கினார், முனகினார். அது அசையவில்லை. கடைசியில் தம்பிதான் போய் இழுத்துத் திறந்துவிட்டான். பெட்டி தூக்கிப் பழகின தோளும் முதுகும் அல்லவா?

"போங்க மாஸ்டர்" என்றான். "கூட்டத்துக்குக் கோபம் வர்றதுக்குள்ள போயிடுங்க."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கிட்டே."

"என்னை விடவா? என் தராசையே அவனுக்குச் சாட்சியா தூக்கிட்டுப் போய்க் கொடுத்தேனே." அவன் சிரிக்கவில்லை. அவள் அவன் முதுகில் கை வைத்தாள். "உன்கிட்ட முதல்லயே பேசியிருக்கணும்டா. அவனைக் கவுக்கற அவசரத்துல உன் மனசைப் பார்க்கல."

அவன் இரண்டு காப்பையும் கழற்றிப் படியில் வைத்துவிட்டுக் கேட்டான். "அப்போ இத்தனை நாள் ஸ்பிரிங் அமுக்கினது சுத்த வேஸ்டாக்கா?"

"சுத்த வேஸ்ட் இல்ல. கொஞ்சம் உதவும். அமுக்கற பிடி, கிள்ளற பிடி, தொங்கற பிடி, எல்லாம் ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரி. கல்யாணத்துக்கு வரும், கஷ்டத்துக்கு வராது. தொங்கணும்னா தொங்கித்தான் பழகணும்."

வீட்டுக்குப் போனதும் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுக் கம்பியில் தொங்கினான். சீக்கிரமே விழுந்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். மறுபடி தொங்கினான். தேர்வு வரைக்கும் அந்த வீட்டில் யாரும் அவனை விலக்காமல் சமையலறைக்குள் போக முடியவில்லை.

தேர்வு நாளில் விசில் அடித்தது. அவன் கம்பியிலேயே இருந்தான். விசில் அடித்த பிறகும் கையை விடாமல் இருந்ததால் அதிகாரி வந்து இறங்கச் சொல்ல வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே நின்ற அக்கா, ஆய்வாளர் உத்தியோகத்தின் மரியாதையையெல்லாம் மறந்து ஓவென்று அழுதாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே! அடுத்த ஞாயிறு பல் டாக்டர் தலைமையில் ஒரு கூட்டம் வீட்டு வாசலில் நின்றது. "தேறிட்டானாமே? என்ன காப்பு போட்டான்? எங்க கிடைக்கும்?"

அக்கா அவர்களை உள்ளே கூப்பிட்டு, சமையலறை வாசல் கம்பியைக் காட்டினாள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வங்கி அதிகாரி அம்மாள் பயபக்தியோடு அதைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கம்பிக்கு அப்படி என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. பழைய தண்ணிக் குழாய்" என்றாள் அக்கா. "தொங்கினாத்தான் கை பழகும், யோசிச்சாத்தான் மண்டை பழகும். குழாயைக் கும்பிட்டா ரெண்டும் வராது. முதல்ல யார் தொங்கறீங்க?"

ஒருவரும் முன்னே வரவில்லை. "இதே மாதிரிக் குழாய் எந்தக் கடையில கிடைக்கும்?" என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போனார்கள்.