திறந்த பானட்டைக் கண்டால் நிற்பவர்

வாசகரே, எங்கள் செர்பிய மலைச்சாலைகளில் ஒரு தனி இனம் உலவுகிறது. பானட் திறந்து நிற்கும் காரைக் கண்டால் இவரால் தாண்டிப் போக முடியாது. மாமனார் ரயிலடியில் காத்திருக்கட்டும், வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் வாசல்வரை ஓடட்டும், இவர் நிறுத்துவார், இறங்குவார், சட்டைக்கையை மடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து "ம்ம்..." என்பார். அந்த 'ம்ம்'மில் முப்பதாண்டு அனுபவம் தொனிக்கும். எதில் அனுபவம்? பெரும்பாலும் தேனீ வளர்ப்பில்.

சென்ற செப்டம்பரில் என் நண்பன் வூகோட்டாவுக்கு வல்யேவோவில் கல்யாணம். மணச்சாட்சி நான், மோதிரங்கள் என் சட்டைப்பையில். மாப்பிள்ளை தாமதித்தால் எங்கள் ஊரில் திட்டுவார்கள். சாட்சி தாமதித்தால் கல்யாணமே கிடையாது. பன்னிரண்டுக்கு முகூர்த்தம். ஒரு மணிக்கு அதே தேவாலயத்தில் வேறு ஜோடி. பதினொன்றுக்கு, ஏற்றத்தில், என் கார் இரண்டு முறை இருமி, வெள்ளையாக ஒரு புகை விட்டு நின்றது.

நான் பானட்டைத் திறந்தேன். என் தவறு அதுதான்.

அறுபது ஜாடித் தேனோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ரதோய்கோ முதலில் நிறுத்தினார்.

"தம்பி, கார்பரேட்டர் போச்சு."

"அண்ணே, இந்த வண்டியில கார்பரேட்டரே கிடையாது."

"பாத்தியா? அதான் பிரச்சனை."

அடுத்து ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை தெசாங்கா வந்தார். பேட்டரி என்றார். தன் பையிலிருந்த மேஜைவிரிப்பை விரித்து, ரதோய்கோ கழற்றிய பாகங்களை அதில் அகரவரிசைப்படி அடுக்கினார். பெயர் தெரியாதவற்றைத் தனியாக. தனிக் குவியல்தான் பெரிதாக வளர்ந்தது. பிறகு ஒரு பஸ் நின்றது. ஓட்டுநர் இறங்கினார், பயணிகளும் இறங்கினார்கள். யாரோ பிளம் சாராயம் எடுத்தார், யாரோ ரொட்டியும் வறுத்த பன்றிக்கறியும் கொடுத்தார். ஒரு பெண் எனக்குக் குளிரும் என்று தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

"என்னை வல்யேவோல இறக்கி விட்டாப் போதுங்க. கல்யாணம்..." என்று கெஞ்சினேன்.

ரதோய்கோவின் முகம் சுருங்கிப் போனது. "உன் வண்டிய நடுரோட்ல அநாதையா விட்டுட்டா? நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா, தம்பி?"

கூட்டமே தலையாட்டியது. எனக்காக உயிரையும் கொடுப்பார்கள். வண்டியில் ஓர் இடம் மட்டும் கொடுக்க மாட்டார்கள்!

வூகோட்டாவுக்குப் போன் செய்தேன். "அங்கயே இருடா, வர்றேன்" என்றான். வந்தான், நண்பன்தான். மோதிரத்தை வாங்கிக்கொள்வான் என்று கையை நீட்டினேன். அவன் கல்யாணக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "தள்ளுங்க, பாக்கலாம்" என்று கூட்டத்துக்குள் புகுந்தான்.

பன்னிரண்டரைக்கு மணப்பெண் நெவெங்காவே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். சாலையை நோக்கிப் பத்தொன்பது பின்புறங்கள். அதில் ஒன்றோடுதான் அவள் வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் செய்ய வேண்டும்! ஹார்னை அழுத்தினாள்.

"கல்யாணம் பண்ணிக்கிறவங்க ஏறுங்க! ரிப்பேர் பண்றவங்க இங்கயே குடும்பம் நடத்துங்க!"

"ரெண்டே நிமிஷம்மா, இப்பத்தான் பிடிபட்டுது" என்றான் வூகோட்டா, நிமிராமலே.

"என்ன பிடிபட்டுது?"

"கோளாறு பேட்டரில இல்லேங்கறது."

டையைப் பிடித்து இழுத்து அவனை ஏற்றினாள். நான் நானாகவே ஏறினேன், சால்வையோடு. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பீடத்தின் முன் நின்றோம். மாப்பிள்ளையின் கரிய கைகளைப் பாதிரியார் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"இவன் கார் நின்னுடுச்சு, ஃபாதர்."

பாதிரியார் குரலைத் தாழ்த்தினார். "புகை வெள்ளையா, கறுப்பா?"

"ஃபாதர்!" என்று நெவெங்கா போட்ட அதட்டலில் பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கல்யாணம் நடந்தது. மசகெண்ணெய் புண்ணியத்தில் மோதிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது.

மாலை விருந்தின் நடுவே மண்டபத்து வாசலில் பஸ் வந்து நின்றது, பின்னால் கயிற்றில் என் கார். பாகங்களை மேஜைவிரிப்பில் மூட்டையாகக் கட்டி, மடியில் வைத்தபடி தெசாங்கா டீச்சர். ரதோய்கோ சந்தைக்கே போகவில்லை. அறுபது ஜாடியையும் மணமக்களுக்குக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் இருந்த ஒருவரும் அன்று போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்? காலையில் ஒவ்வொருவர் கழுத்தையும் நெரிக்க நினைத்த நான், ராத்திரி ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுதேன்.

பிற்பாடு பட்டறையில் காரைச் சரிசெய்தார்கள். கோளாறு என்னவென்று நான் சொல்லப்போவதில்லை. ஏனென்றால், இரண்டு இருமல், வெள்ளைப் புகை என்று நான் எழுதிய இடத்திலேயே, "அட, அது இதுதாம்ப்பா" என்று நீங்கள் மனசுக்குள் ஒரு தீர்ப்புச் சொன்னீர்களே, அது எனக்குக் கேட்டது.