பீட்டரின் குனியாத கோட்டு

மேன்மை பொருந்திய மச்சான் அருள்தாஸ் அவர்களுக்கு,

திருமயத்திலிருந்து தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் செபமாலை சொல்லச் சொல்ல, புது மருமகள் பிளெஸ்ஸி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகமும், தங்கள் முழங்கால் சுகமும், போன மாதம் கன்று போட்ட பசுவின் சுகமும் அறிய ஆவல்.

மச்சான், கல்யாணத்தன்னைக்கு எம்மகன் பீட்டர் ஒங்க கால்ல விழலைன்னு பந்தியில கூட ஒக்காராம பஸ் ஏறிட்டீங்க. அன்னையிலேருந்து ஒங்க தங்கச்சி பொற்கொடி, “எங்கண்ணன் வந்து கை நனைக்கிற வரைக்கும் இந்த வீட்டுல ஒல கொதிக்காது”ன்னு அடுப்புக்கு முதுகக் காட்டி ஒக்காந்திருக்கா. பதினோரு நாளா எனக்குக் கடை இட்லிதான். பய மேல குத்தமில்ல மச்சான், கோட்டு மேலதான் குத்தம்.

அந்தக் கோட்ட அவனே ஏழு மாசமாக் கையால தச்சான். “வீட்டுல மிசின் இருக்கேடா”ன்னேன். “இது மிசினே வராத காலத்துக் கோட்டுப்பா, எரநூறு வருசத்துக்கு முந்தி தொரைமாரு போட்டது”ன்னான். நூலுல தேன்மெழுகத் தேச்சு, நெஞ்சுப் பக்கம் உள்துணியில எறும்பு ஊர்ற மாதிரி ஆயிரம் தையல். நெஞ்சு நிமுந்து நிக்கணும்னா உள்ள குதிரை முடி வைக்கணுமாம். நம்ம பக்கம் குதிரைன்னா அய்யனார் கோயில் மண்குதிரைதான், அதுக்கிட்டப் போயி எந்த முடிய வெட்டுறது? கறம்பக்குடியில நம்ம ராக்கன் கயித்துப் பட்டறை வச்சிருக்கான்ல, அவன் கல்யாணத்துலயும் ஒரு சண்ட நடந்துச்சு, அதப் பெறகு சொல்றேன், அவங்கிட்ட நல்ல தேங்காநாரா வாங்கி, “இந்தாடா, குதிரை முடி”ன்னு குடுத்துட்டேன். பய மோந்து பாத்துட்டு, “வயசான குதிரையாப்பா?”ன்னான். “ஆமாடா”ன்னேன்.

கோயில்ல எல்லாரும் முட்டிபோட்டாக, பீட்டர் மட்டும் கொடிமரமா நின்னான். மாப்ளையே நிக்கிறாரு, எந்திரிச்சு நின்னு கேக்குற சுவிசேசம் வாசிக்கப் போறாக போலன்னு முன்வரிசை எந்திரிச்சுச்சு, பின்வரிசையும் எந்திரிச்சுச்சு. பங்குச்சாமியாரு திரும்பிப் பாத்துட்டு, எதையோ விட்டுட்டோமோன்னு புஸ்தகத்த முதல்லேருந்து பொரட்ட ஆரம்பிச்சுட்டாரு. பூசை முடிய நேரமாயிருச்சு, நீங்க பசியோட வாசல்ல நின்னீங்க. பய ஒங்க கால்ல விழக் குனிஞ்சான், கோட்டு மடங்கல. “என்ன மாப்ள, பாதியிலயே நிக்கிற? மாமனுக்கு அரை மரியாதை போதுமா?”ன்னு கேட்டீங்க. அவன் வாயத் தொறந்தான், காலரு தாடைய முட்டி மூட வச்சிருச்சு. அதத்தான் நீங்க திமிருன்னு நெனச்சுட்டீங்க.

மாதா மேல சத்தியம், அந்தக் கோட்டப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். இனிமே இந்த வீட்டுல எவனும் ஊசி தொடமாட்டான். அக்காவுக்கு என் தோத்திரம், புள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ஞாயித்துக்கெழமை எட்டு மணி பஸ்ஸுல வந்தீங்கன்னா நானே ஸ்டாண்டுல நின்னு ஒங்களக் கூட்டிக்கிட்டு, “ஏங்க, எங்கண்ணனுக்கு வாங்குன சேவல் பக்கத்து வீட்டு ஓட்டு மேல ஏறிருச்சு, ஓடியாங்க”, இந்தா வாரேன், பிளெஸ்ஸி, நீ எழுது, மச்சான் வந்து ஒரு வாய்

பி.கு. பெரியப்பா, நான் பிளெஸ்ஸி. மாமா சேவல் பிடிக்கப் போய்விட்டார். பெட்டிக்கு இரண்டு சாவி இருப்பது அவருக்குத் தெரியாது. உங்கள் மருமகன் மன்னிப்புக் கேட்பதற்காக, அந்தக் கோட்டை வெளியே எடுத்து மாதிரியாக வைத்து, உங்கள் பழைய சட்டையை அளவு வைத்து உங்களுக்கே ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சு உங்களுக்கு இன்னும் அகலம் என்று நார் இரட்டிப்பாக வைத்திருக்கிறார். நாற்றத்திலேயே நார்தான் என்று அவருக்குத் தெரியுமாம், அப்பா மனசு நோகக்கூடாது என்று சொல்லவில்லையாம். தையல் இன்னும் பாக்கி இருக்கிறது, ஞாயிறு வந்து அளவுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். சாப்பாட்டை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். அதைப் போட்டபின் கை வாய்க்கு எட்டாது.